மாணாக்கரும் வாழ்க்கைக் குறிக்கோளும்

கலாசாலையிற் பயில்வோர் எவரும் தப்ப முடியாத வினா ஒன்றுண்டு. விடுமுறைக்கு ஊர் சென்றால் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அதனைக் கேட்கிறார். மணவீட்டுப் பந்தியிலே பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். முதலாண்டு வகுப்பிலே முதல் நாளன்று ஆசிரியரும் கேட்கிறார். "படித்து முடித்து என்னவாகப் போகிறாய்?" என்பதே அவ்வினா. கேட்பவர் அன்பினாலேயே கேட்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விடை கூற இயலாது தலைகவிழ்ந்து நிற்கும் மாணாக்கரே நம்மிற் பலர். விடை கூறுவோருள்ளும் சிலர், கேட்பவரை அனுப்பிவிடுதற்பொருட்டு ஏதேனும் ஓர் உத்தியோகத்தின் பெயரைச் சொல்லித் தப்புகின்றவரே. நாமும் அவ்வாறு தப்பியவருள் ஒருவராதலின், இவ்விஷயத்தைக் குறித்துச் சில சொல்லத் துணிந்தோம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு குறிக்கோள் அவரவர் உள்ளத்திலே முன்னமே புதைந்து கிடக்கின்றது என்றும், அதனைத் தோண்டி எடுத்துவிட்டால் பிறகு வாழ்க்கை நேர்வழியிற் செல்லும் என்றும் ஓர் எண்ணம் இக்காலத்தில் எங்கும் பரவியிருக்கிறது. மேடைகளிலே சொற்பொழிவாளர் இதனையே முழங்குகின்றனர். கைப்பேசியைத் திறந்தாலும் இவ்வுபதேசமே வந்து நிற்கிறது. கேட்பதற்கு இஃது இனிதே. ஆனால் இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. உள்ளத்தைத் தோண்டித் தோண்டிப் பார்த்தும் ஒன்றுங் காணாத மாணாக்கன், பிறருக்கெல்லாம் உள்ளதொன்று தனக்கு மட்டும் இல்லை போலும் என்று மனமுடைகின்றான். இம்முடிவிற்கு வந்து விடுதியறையின் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தவரை நாம் அறிவோம். ஒருகாலத்தில் நாமும் அவ்வாறு கிடந்தவரே.

நாம் இக்கலாசாலையிற் கணித வகுப்பிலே சேர்ந்தது கணிதத்தின்மேற் கொண்ட காதலினாலன்று. விண்ணப்பித்த வேறு வகுப்புகளில் இடங்கிடையாமையாற் சேர்ந்தோம். நம் குடும்பத்திலே கலாசாலை வாயிலை மிதித்தவர் நமக்கு முன் ஒருவருமிலர். முதலாண்டுக் கட்டணத்திற்காக நம் தந்தையார் கறவை மாட்டை விற்றார். அம்மாடு சென்ற நாளன்று வீட்டில் ஒருவரும் அதனைப்பற்றிப் பேசவில்லை. அத்தகைய பணத்திற் படிக்க வந்த நாம், முதற் பருவத் தேர்விலே இரண்டு தாள்களில் தவறினோம். "அரியர்" என்று மாணாக்கர் எளிதாகச் சொல்லிச் சிரிக்கும் சொல், அன்று நமக்குச் சிரிப்புக்குரியதாயில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு இரவுப் பேருந்தின் நேரத்தையும் விசாரித்தோம். புறப்படுமுன் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, "மாடு போனது போகட்டும், நீ சாப்பிட்டாயா?" என்றார். நாம் பெட்டியை அவிழ்த்துவிட்டோம். அன்று நம்மைக் கலாசாலையில் நிறுத்தியது யாதோர் உயர்ந்த இலட்சியம் என்று சொல்லின் அது பொய்யாகும். அவ்வொரு வார்த்தையே நிறுத்தியது.

இரண்டாம் ஆண்டிலே நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமிற்குச் சென்றோம். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின் நோக்கம், மாணாக்கர் தொண்டின் வாயிலாகத் தம்மை வளர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதாம். நாம் சென்றதோ, சான்றிதழ் கிடைக்கும் என்பதற்காகவே. பகலிலே வாய்க்கால் தூர்வாரினோம். மாலையிலே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தோம். அவ்வாறு ஒருநாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு ஐம்பத்திரண்டிலிருந்து முப்பத்தேழைக் கழிக்குமாறு காட்டினோம். இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே பக்கத்து ஐந்தினிடம் ஒன்று கடன் வாங்கு என்றோம். அவள் எழுதுகோலை வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்த்து, "அண்ணா, கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, அதை எப்பொழுது திருப்பிக் கொடுப்பது?" என்று கேட்டாள்.

உடனிருந்த நண்பர்கள் நகைத்தனர். நாமும் நகைத்தோம். ஆனால் விடை நமக்குத் தெரியவில்லை. வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்த்து மதிப்பெண் பெற்ற நாம், ஒரு குழந்தையின் கழித்தற் கணக்கிற்குக் காரணங் கூற அறியாது நின்றோம். கடன் என்னுஞ் சொல் அச்சிறுமியின் வீட்டிலே விளையாட்டுச் சொல்லன்று என்பதும் மறுநாளே தெரிய வந்தது. அவள் கேட்டது குறும்பினாலன்று, உண்மையாகவே கேட்டாள்.

கலாசாலைக்குத் திரும்பியும் அவ்வினா நம்மை விடவில்லை. ஆசிரியரிடஞ் சென்று வெட்கத்துடன் கேட்டோம். அவர் நகையாமல், எண்களின் இடமதிப்பு என்னும் அடிப்படையை முதலிலிருந்து விளக்கினார். இரண்டு வாரங் கழித்து ஒரு சனிக்கிழமையன்று, ஒரு பை நிறையப் புளியங்கொட்டைகளுடன் அவ்வூருக்குச் சென்றோம். பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து ஐந்து முடிச்சுகளும், தனியே இரண்டு கொட்டைகளும் வைத்தோம். இதுவே ஐம்பத்திரண்டு. ஏழு எடுக்கவேண்டும், தனியே இருப்பனவோ இரண்டே. ஆகவே ஒரு முடிச்சை அவிழ்த்தோம். நான்கு முடிச்சுகளும் பன்னிரண்டு கொட்டைகளும் ஆயின. தொகை மாறவில்லை, அதே ஐம்பத்திரண்டுதான். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கு முடிச்சில் மூன்று போக ஒன்று, மீதி பதினைந்து. பார்த்துக்கொண்டிருந்த சிறுமி, "இது கடன் இல்லையே அண்ணா, சில்லறை மாற்றுவதுதானே!" என்றாள். நாம் இரண்டு வாரம் தேடிய விளக்கத்தை அவள் ஒரு சொல்லில் முடித்துவிட்டாள்.

அன்று முதல் இயன்ற சனிக்கிழமைகளிலெல்லாம் அங்குச் சென்று வருகிறோம். பிறர்க்கு விளங்கச் சொல்லவேண்டி நாம் விளங்கிக்கொள்ளத் தலைப்பட்டோம். தவறிய இரண்டு தாள்களும் பின்னர்த் தேறின. இப்பொழுது ஒருவர் நம்மை நோக்கி என்னவாகப் போகிறாய் என்று கேட்பின், கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக விரும்புகிறோம் என்று தயக்கமின்றிச் சொல்வோம். இவ்விடையை நாம் நம் உள்ளத்தைத் தோண்டி எடுக்கவில்லை. பிறரொருவர் கேட்ட வினாவாக, வெளியிலிருந்தே அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

நமது சிறிய அனுபவத்தைப் பெரியோர் வரலாற்றோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அவர் வரலாறுகளைப் புரட்டிப் பார்க்குங்கால் இவ்வுண்மை அங்கும் புலப்படுகிறது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரியிற் தமிழாசிரியராக அமர்ந்தபொழுது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்திருந்தார். அவ்வாண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன கற்றீர் என்று வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கிச் சொல்ல, முதலியாரோ அவற்றால் வியப்புறாமல், சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என்று கேட்டார். ஐயர் கற்றிருக்கவில்லை. அவர் அவ்வினாவினால் சினந்து விலகியிருப்பின் யாது நேர்ந்திருக்கும்! ஏட்டைப் பெற்றுக் கற்கத் தொடங்கினார். சமணரிடஞ் சென்று அவர் சமய மரபுகளைக் கேட்டறிந்தார். சிந்தாமணி 1887-ஆம் ஆண்டில் அச்சேறியது. சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் பதிப்பாகப் பின்னர் வெளிவந்தன.

வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறும் அத்தகையதே. மருத்துவ ஊழியர் குடும்பத்திலே 1870-இல் பிறந்தவராயினும், அவ்வூழியத்தில் அவருக்கு இளமையில் விருப்பமில்லை. நோயுற்ற தாயாருக்கு உதவி செய்யத் திண்டிவனம் வந்திருந்தபொழுது, ஓரிரவிலே மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையுறும் தத்தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். ஆண் மருத்துவராகிய அவர் தந்தையாரை அழைத்துச் செல்ல அவர்கள் மரபு இடங்கொடுக்கவில்லை. அம்மையாரோ மருத்துவம் அறியார். அம்மூன்று பெண்களும் மாண்டனர். அம்மையார் அமெரிக்கா சென்று கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1899-இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே திரும்பினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். ஐயரவர்கள் கற்றபின் வினா வந்தது. அம்மையாருக்கு வினா வந்தபின் கல்வி தொடங்கியது. முன்பின்னாக நேரினும் இரண்டும் வேண்டும்.

வாயில் அடைபட்டவருக்கும் ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் அப்துல் கலாம் 1954-இல் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியற் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பிறகே அது தமக்குரிய துறையன்று என்று உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பொறியியற் கல்விக்குச் சேர அவர் தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் உதவினார். விமானப்படையிற் சேர விரும்பிச் சென்ற தேர்விலோ, எட்டு இடங்களுக்கு அவர் ஒன்பதாமவராய் நின்றார். விமானம் ஓட்டும் விருப்பம் அன்றோடு முடிந்தது. ஆனால் 1980-ஆம் ஆண்டு ரோகிணி என்னும் செயற்கைக்கோளை விண்ணிற் செலுத்திய ஏவுகலத் திட்டத்தின் இயக்குநராக நின்றவர் அவரே. ஒன்பதாமிடத்தை வாழ்க்கையின் முடிவென்று அவர் கொள்ளவில்லை.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். "வீட்டிலே கடனும், மணத்திற்குக் காத்திருக்கும் தங்கையும் உடைய மாணாக்கனுக்குக் குறிக்கோள் என்ன வேண்டிக் கிடக்கிறது? வளாக நேர்காணலில் எந்த நிறுவனம் அழைத்தாலும் போகவேண்டியவனன்றோ அவன்?" என்று நம் நண்பரொருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பொருளீட்டுதலை இழிவென்று பேசுதல், பொருளுக்கு முடையறியாதார் செய்யும் பிழை. வீட்டின் கடனைத் தீர்ப்பதற்காகத் தன் விருப்பத்தைச் சில ஆண்டு ஒத்தி வைப்பவன் குறிக்கோளற்றவனாகான். வாயிலில் வந்து நிற்கும் முதல் வினாவிற்கு விடையளிப்பவன் அவன். ஆனால் அவ்வுத்தியோகத்தில் அமர்ந்தபின் தன் செவியை அடைத்துக்கொள்ளல் ஆகாது. அடுத்த வினா எந்த வயதிலும் வரலாம்.

ஆதலின் நம் சோதர மாணாக்கருக்கு நாம் கூறுவது இதுவே. மூன்றாண்டில் குறிக்கோள் தோன்றவில்லையே என்று வருந்தற்க. கையிலுள்ள பாடத்தை, காரணம் விளங்குமளவும் கற்பீராக; வினா வரும் நாளில் அக்கல்வியே கைகொடுக்கும். தெரியாது என்று சொல்ல நாணற்க. அறைக்குள்ளிருந்து உம்மையே நோக்கிக்கொண்டிராமல், பிறர் குறை கேட்கும் இடங்களுக்குச் செல்வீராக.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. முதலாண்டு மாணாக்கரை நோக்கி என்னவாகப் போகிறாய் என்று வினவுவதற்கு மாறாக, உன் ஊரில் யாருக்கு என்ன குறை கண்டாய் என்று வினவலாகாதா? முன்னதற்கு விடையறியாத மாணாக்கனும் பின்னதற்கு மணிக்கணக்காக விடை கூறுவான். ஆண்டுதோறும் விழாக்களுக்கு வந்து நம்மை மகிழ்விக்கும் பழைய மாணவர்களையும் வேண்டிக்கொள்கிறோம். தாங்கள் எய்திய பதவிகளைக் கேட்டுப் பெருமிதங்கொள்கிறோம். அவற்றோடு, தாங்கள் வழியறியாது நின்ற ஆண்டுகளையும் எங்களுக்குச் சொல்வீர்களாக. விடுதியறையிலே பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு அவ்வரலாறே பெரிதும் பயன்படும்.

இவ்வாண்டுடன் நாம் இக்கலாசாலையை விட்டு நீங்குகிறோம். சென்ற சனிக்கிழமையன்று அச்சிறுமி, தன் தம்பிக்குப் புளியங்கொட்டைகளை முடிந்து வைத்துக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கக் கண்டோம். நாம் வந்ததை அவள் கவனிக்கவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, மகிழ்ச்சியுடன் அவர்களருகில் அமர்ந்தோம்.