குடையும் மாத்திரையும்

எம்முடன் பயிலும் நங்கை யொருவர் காலை வெயிலிலும் குடையின்றி வெளியே வருவதில்லை. உடற்பயிற்சி வேளையில் மரநிழலில் அமர்ந்திருப்பார். சோம்பலென்றும், நிறங் கறுக்குமென அஞ்சுகின்றாரென்றும் நகைத்தவர் பலர். அவருள் யாமும் இருந்தோம்; மறைப்பானேன்? அவரைப் பற்றியது லூபஸ் என்னும் நோயென அறிந்தபின் நாணினோம்.

இலத்தீனில் லூபஸ் என்பது ஓநாயின் பெயர். பகையைத் தடுத்து உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல், தன் உடலையே பகையெனக் கொண்டு தோலையும் மூட்டுகளையும், சிலர்க்குச் சிறுநீரகத்தையும் தாக்குதல் இந்நோயின் இயல்பு. இதற்கு ஆளானோருள் பதின்மருக்கு ஒன்பதின்மர் பெண்டிர். வெயில் பட்டால் நோய் கிளர்ந்தெழும். ஆகவே குடை ஒப்பனையன்று, மருந்தில் ஒரு பகுதியே.

இதனை வேரறுக்கும் மருந்து இல்லையேனும் அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்குரிய மருந்தினத்தைச் சார்ந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் அவற்றுள் தலையாயது. ஈண்டுத்தான் பலர் இடறுகின்றனர். வலி நீங்கியதும், நலமடைந்தோமென்று மாத்திரையை விட்டுவிடுகின்றனர். அந்நலம் மாத்திரையால் நிற்பதென்பதை மறந்தனர் போலும்! கண் கெடுமே யென்பார்க்கு, உரிய அளவில் உண்டு, மருத்துவர் குறித்தபடி கண்ணைச் சோதிப்பித்தலே விடை, நிறுத்துதல் விடையன்று. ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தின் உயிர்க்கே இடர். மணம் பேசுங்கால் மகளின் மாத்திரையை ஒளித்துவைக்கும் பெற்றோரும் உளர். அவர் செயலை யாம் பெருந்தீங்கென்றே கருதுகிறோம்.

அமெரிக்கக் கதாசிரியை பிளானரி ஓக்கானர் அம்மையாரின் தந்தை 1941-இல் இந்நோயால் மாண்டார். அம்மையாரையும் 25-ஆம் அகவையில் அது பற்றியது. தாயுடன் பண்ணை வீட்டில் தங்கி, மருந்துண்டு, காலைப்பொழுதில் மட்டும் எழுதி, பிற்பகலில் ஓய்ந்திருந்தார். ஊன்றுகோல் கொண்டு நடந்த காலத்தும் அவ்வொழுங்கை விட்டாரல்லர். 1964-இல் 39-ஆம் அகவையில் மறையுமுன் இரு நாவல்களும் பல சிறுகதைகளும் தந்தார். அவர் காலத்தில் மருந்துகள் சிலவே. இன்று முறையாக மருத்துவம் பெறுவாருள் மிகப் பலர் நெடுநாள் வாழ்கின்றனர்.

உறக்கம், புகையிலை விலக்கல், குறித்த காலத்தில் குருதியும் சிறுநீரும் சோதித்தல் ஆகியன நோயாளர் கடன். கல்லூரியின் கடனும் ஒன்றுண்டு. உடற்பயிற்சியை மாலை வெயில் தாழ்ந்தபின் வைக்கலாகாதோ? அவ்வாறாயின் தாமும் வருவதாக எம் நண்பியார் சொன்னார்.