கள்ளுக்கடைக்கு எதிரே ஒரு சிரிப்புக்கடை... கலைவாணர் என்.எஸ்.கே!

கள்ளக்குறிச்சி பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து நடக்கும் இரவுகளில், துரியோதனன் வருவதற்கு முன்பே கட்டியக்காரன் வந்துவிடுவான். வரப்போகும் ராஜா யார், எந்த ஊர், யார் மேல் கோபம் என்று கூட்டத்துக்கு அறிவிப்பதுதான் அவன் வேலை. ஆனால், அறிவிக்கிற சாக்கில் ஊரில் போட்ட ரோடு, ரேஷன் அரிசி, முன்வரிசையில் போதையில் சாய்ந்து கிடக்கும் ஆள் என்று சகலத்தையும் இழுத்துவிடுவான். ராஜா வேஷக்காரருக்கு மனப்பாடம் செய்த பாட்டு இருக்கும். கட்டியக்காரனுக்குப் பெரும்பாலும் எழுதிவைத்த வசனமே கிடையாது. அன்றைக்கு அந்த ஊரைப் பார்த்து, அவனே யோசித்து, அவனே பேசிக்கொள்ள வேண்டியதுதான்!

தமிழ் சினிமாவில் இந்த இரட்டை வேலையைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் என்.எஸ்.கிருஷ்ணன். தன் காமெடியைத் தானே அமைத்து, தன் குழுவை வைத்துத் தானே நடித்தவர். அவருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம்? அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரிக்காரர். ஆனால் அவர் மேடையிலும் திரையிலும் விடாமல் கேலி செய்த ஒரு விஷயம், அவர் மறைந்து 67 வருஷம் கழித்து இந்த ஊரின் பெயரை நாடு முழுக்கச் செய்தியாக்கியது.

சாராயம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பாக்கெட் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. மெத்தனால் உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். சிகிச்சைக்கு வந்த பலரும் கண் தெரியவில்லை என்று சொன்னது அதனால்தான். ஒரே தெருவில் வரிசையாகப் பாடைகள் கட்டப்பட்ட காட்சியை அன்றைக்கு எல்லா சேனல்களும் காட்டின. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, கல்வராயன் மலையில் பேரல் பேரலாகச் சாராய ஊறல் அழிப்பு என்ற செய்தி இந்த மாவட்டத்தில் அடிக்கடி வருவதுதான்.

சரி, காமெடியனுக்கு வருவோம்.

சோடாக் கடையிலிருந்து மேடைக்கு

1908 நவம்பர் 29-ல் பிறந்த கிருஷ்ணனுக்கு நாலாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. வீட்டில் வறுமை. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம், சோடா விற்றிருக்கிறார். கொட்டகைக்குள் விற்கப் போனால் நாடகத்தை ஓசியில் பார்த்துவிடலாம் இல்லையா? அப்பா சுடலைமுத்துப் பிள்ளை அதைக் கவனித்துவிட்டார். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

அந்தக் குழுவில்தான் எழுத்தும் ஆரம்பித்தது. வெ.சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' நாடகத்துக்கு ஆங்கிலேய அரசு தடை போட, அதே நாடகம் 'தேசபக்தி' என்ற பெயரில் மேடையேறியது. கிருஷ்ணன் அதற்குள் காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக நுழைத்தார். நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் சாமி கதை பாடுகிற வில்லில், உப்பும் கதரும் கள்ளுக்கடை மறியலும் வந்தன. ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டு, தெரியாத செய்தி. கடைசிவரை அவருடைய உத்தி இதுதான்.

திரையில் 1935-ல் 'மேனகா' வெளியானது. அடுத்த ஆண்டு 'சதிலீலாவதி'. எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கரின் இயக்கம். எம்.ஜி.ஆருக்கும் டி.எஸ்.பாலையாவுக்கும் முதல் படம் என்பதால் இந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதன் கதை என்ன என்பதுதான் பலருக்கும் தெரியாது. நல்லபடியாக வாழ்ந்த ஒருவன் குடிப்பழக்கத்தில் விழுந்து, சொத்தையும் குடும்பத்தையும் தொலைப்பதுதான் கதை! என்.எஸ்.கே-வின் சினிமா கணக்கு, மதுவுக்கு எதிரான ஒரு படத்தோடுதான் தொடங்கியது.

படம் ஒரு பக்கம், காமெடி ஒரு பக்கம்

இன்றைக்கு 'காமெடி ட்ராக்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த முறையை நிலைநிறுத்தியதில் என்.எஸ்.கே-வின் பங்கு பெரியது. கதாநாயகன், கதாநாயகியை வைத்து இயக்குநர் ஒரு பக்கம் படம் எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம் என்.எஸ்.கே., டி.ஏ.மதுரம், புளிமூட்டை ராமசாமி, கொட்டாப்புளி ஜெயராமன் என்று ஒரு குழு தனியாக உட்கார்ந்து காட்சி பிடிக்கும். அங்கே என்ன பேச வேண்டும் என்பதை முடிவு செய்வது என்.எஸ்.கே-தான். 'சகுந்தலை'யில் எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பாட்டுக்காகப் போனவர்கள், டி.எஸ்.துரைராஜோடு சேர்ந்து மீனவராக என்.எஸ்.கே. போட்ட சண்டையையும் பேசிக்கொண்டே கொட்டகையை விட்டு வந்தார்கள். துஷ்யந்தன் கதைக்கு மீனவன் தேவை, அது காளிதாசன் காலத்திலிருந்தே உண்டு. அந்த மீனவன் இவ்வளவு பேசுவான் என்று யாருக்குத் தெரியும்!

மதுரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். அங்கேயே திருமணமும் நடந்தது. ஊரில் ஏற்கெனவே நாகம்மாள் என்ற மனைவி இருப்பது மதுரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டபோது கிருஷ்ணன் அதையும் ஒரு ஜோக்கால் சமாளித்தாராம். அந்த ஒரு ஜோக்கை மட்டும் இன்றைய வாசகிகள் ரசிப்பது சந்தேகம்தான். ஆனால் திரையில் மதுரம், புருஷன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மனைவியாக வரவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்பார், இவர் மாட்டிக்கொள்வார். சிரிப்பில் பாதி அவருடையது.

1944 டிசம்பரில் எல்லாம் நின்றுபோனது. 'இந்துநேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு என்.எஸ்.கே-வும் கைது. 1945-ல் ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போனது. நகைகளையும் சொத்துகளையும் விற்று வழக்கை நடத்தியவர் மதுரம். எஸ்.வி.சகஸ்ரநாமம் நாடகக் குழுவைக் கட்டிக்காத்தார். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. என்.எஸ்.கே. திரும்பி வந்து மறுபடி சிரிக்க வைத்தார். 'கலைவாணர்' பட்டம் பம்மல் சம்பந்த முதலியார் கையால் கிடைத்ததும் அதே வருஷம்தான்.

மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இங்கே கல்வராயன் மலை மறுபடி வருகிறது. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு, நாட்டிலேயே முன்னோடியாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கல்வராயன் மலைக்கு மேற்கே சேலம், கிழக்கே அன்றைய தென்னாற்காடு. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காட்டில் இருந்தது. ஆக, ஆத்தூர் பக்கம் கள்ளுக்கடை மூடியிருக்க, கள்ளக்குறிச்சி பக்கம் திறந்தே இருந்தது. ஒரு மலை, இரண்டு சட்டம். பிறகு படிப்படியாக விரிவாகி, 1948 அக்டோபர் 2 காந்தி பிறந்த நாளில் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது.

கடையைப் பூட்டியாகிவிட்டது. குடித்துப் பழகியவனை என்ன செய்வது? அடுத்த சில மாதங்களில், 1949 தொடக்கத்தில் வந்தது 'நல்லதம்பி'.

'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற ஹாலிவுட் படத்தின் கருவை எடுத்து, அண்ணாவிடம் கொடுத்து எழுத வாங்கியிருந்தார் என்.எஸ்.கே. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ஜமீன் சொத்து திடீரென்று ஒரு சாதாரண கிராமத்து ஆளிடம் வந்து சேருகிறது. அவன் அதை என்ன செய்கிறான்? பள்ளிக்கூடம், மதுவிலக்கு, ஊர் முன்னேற்றம் என்று இறங்குகிறான். சொல்லப்போனால், படத்தின் பல இடங்கள் பிரசாரம்தான். இன்றைக்குப் பார்த்தால் சில காட்சிகளில் பொறுமை வேண்டும். ஆனால் என்.எஸ்.கே. வாயைத் திறக்கிற இடங்கள் இன்னும் பழசாகவில்லை.

படத்தின் உச்சம் 'கிந்தனார்' காலட்சேபம். உடுமலை நாராயணகவியின் எழுத்து. சிதம்பரம் போய் சாமியைப் பார்க்கத் தவித்த நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். இந்தக் கிந்தன் தவிப்பது பள்ளிக்கூடம் போக. வாத்தியாரிடம் அடி வாங்கிய அந்தப் பையன் ரயிலேறிப் பட்டணம் போய், படித்து, கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். பாகவதர் மாதிரி நின்று, ரயில் ஓடும் சத்தத்தை வாயாலேயே கொண்டுவந்து, நடுநடுவே கூட்டத்தைக் கிள்ளிவிட்டு என்.எஸ்.கே. அதைச் சொல்லும்போது, சாதியைப் பற்றி ஒரு பாடம் நடக்கிறது என்பதே கேட்பவருக்கு உறைக்காது. மதுவிலக்குக்கும் அந்தப் படத்தில் ஒரு பாட்டு வைத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குடியைக் கிண்டல் செய்யும்போது அவர் குடிகாரனின் தள்ளாட்டத்தை மட்டும் காட்டிவிட்டு நகரவில்லை. அவன் கூலி எங்கே போகிறது, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்ற கணக்கும் கூடவே வரும். நம் காலத்து டாஸ்மாக் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். நண்பர்கள் உட்கார்ந்தால் ஒரு பாட்டு, காதல் தோற்றால் ஒரு குவார்ட்டர், கீழே மூலையில் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் ஓர் எச்சரிக்கை. சிரிப்பு என்னவோ வருகிறது. ஆனால் அந்தக் காட்சி கருணாபுரத்தில் ஒரு வீட்டு டி.வி-யில் ஓடினால், ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

'மணமகள்' (1951), 'பணம்' (1952) இரண்டையும் என்.எஸ்.கே. இயக்கவும் செய்தார். விஸ்வநாதன்-ராமமூர்த்தியை இரட்டையராக அறிமுகம் செய்தது 'பணம்' படம். தி.மு.க. என்ற மூன்று எழுத்துக்குத் 'திருக்குறள் முன்னணிக் கழகம்' என்று விளக்கம் சொல்லிப் பாடியதும் அதில்தான்.

அவருடைய கிண்டல் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு தேர்தல் கதை சொல்வார்கள். 1957-ல் காஞ்சிபுரத்தில் அண்ணா போட்டியிட்டார். காங்கிரஸ் வேட்பாளர் அந்த ஊரில் நல்ல பெயர் எடுத்த டாக்டர். பிரசாரத்துக்குப் போன என்.எஸ்.கே., மேடையேறியதிலிருந்து அந்த டாக்டரையே புகழ்ந்தாராம். கைராசிக்காரர், ஏழைகளுக்கு இரக்கம் காட்டுபவர் என்று அடுக்கிக்கொண்டே போக, தி.மு.க-வினருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைசியில்தான் கேட்டார்: இப்படிப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அனுப்புங்கள். எதிரி வேட்பாளரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கூட்டம் கைதட்டியது. அண்ணா ஜெயித்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ல் என்.எஸ்.கே. காலமானார். வயது 48. சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்து முடித்திருந்தார்.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971-ல் தளர்த்தப்பட்டது, மறுபடி வந்தது, மறுபடி போனது. தென்னாற்காடு பிரிந்து விழுப்புரமானது. 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மலையில் ஊறல் போடுவதும், போலீஸ் ஏறிப்போய்க் கொட்டுவதும் மட்டும் மாறவில்லை. வெள்ளிமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் சாமையும் மரவள்ளியும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, அந்த மலையின் பெயரைச் சொன்னாலே ஊரார் சாராயத்தை நினைப்பது தனி வருத்தம்.

1969 ஜனவரி 14, பொங்கல் நாள். சென்னை தி.நகரில் கலைவாணர் சிலையை முதல்வர் அண்ணா திறந்துவைத்தார். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த அண்ணாவுக்கு அதுவே கடைசிப் பொது நிகழ்ச்சி. மூன்று வாரத்தில், பிப்ரவரி 3-ல் அவரும் போய்விட்டார். 'நல்லதம்பி'யை எழுதியவரும் நடித்தவரும் கடைசியாகச் சந்தித்துக்கொண்டது அந்த முச்சந்தியில்தான்.

யூடியூபில் 'கிந்தனார்' என்று தேடினால் அந்தப் பகுதி கிடைக்கும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். ரயில் கிளம்பும் இடம் வந்ததும் அவர்களும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடுவார்கள்.