நப்பின்னை என்று பெயர் வையுங்கள்

மார்கழி பிறந்தால் பெருமாள் கோயில்தோறும் ஒலிக்கிற பெயர் நப்பின்னை. திருப்பாவையின் 18, 19, 20ஆம் பாசுரங்களில் ஆண்டாள் எழுப்புவது இவளையும்தான். ஆனால் தமிழாசிரியையாக நான் வாசித்த வருகைப் பதிவேடு எதிலும் இந்தப் பெயர் இருந்ததில்லை. எனக்கு அது பெரிய குறை.

நக்கீரன், நச்செள்ளை என்ற பெயர்களில் சிறப்புக்காக முன்னே நிற்கும் 'ந'தான் இதிலும். பின்னை என்றால் இளையவள். ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் கைப்பிடித்த ஆயர்மகள். சிலப்பதிகாரத்தில் தீய நிமித்தங்கள் கண்டு கலங்கிய ஆய்ச்சி மாதரி, குரவைக் கூத்து ஆடுவதற்காக ஏழு பெண்களை ஏழு சுரங்களாக நிறுத்துகிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் பின்னை! ஒரு சுரமாகவே நின்ற பெயர் வேறு யாருக்கு வாய்க்கும்?

பேத்திக்கு இதையே வைக்கச் சொல்கிறேன். "இங்கிலீஷில் எழுதினா யாரும் சரியாப் படிக்க மாட்டாங்கம்மா" என்கிறாள் மகள். கவலை நியாயமானதுதான். ஆனாலும் கூப்பிடக் கூப்பிட நாக்குப் பழகிவிடும். யாழினியும் ஒரு காலத்தில் புதுப்பெயர்தானே, இன்று எத்தனை யாழினிகள்! வீட்டில் 'பின்னை' என்றே செல்லமாக அழைக்கலாம். நட்சத்திர எழுத்துப் பார்க்கும் சம்பந்தி வீட்டாருக்கும் தடையில்லை. அனுஷத்துக்கு ந, நி, நு, நே என்கிறது பஞ்சாங்கம், குழந்தை அனுஷம்.