முட்டி வலிக்கு 61 நாள்

தரையில் குந்தி மீன் ஆய்வது, ஈரத் தளத்தில் ஐஸ் பெட்டி இழுப்பது, ஆடும் விசைப்படகில் காலை ஊன்றி வலை வாங்குவது, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியிலிருந்து நாளெல்லாம் குதித்து இறங்குவது. வடசென்னையில் முட்டி வலி வயதால் மட்டும் வருவதில்லை, வேலையாலும் வருகிறது. ‘எலும்பு தேஞ்சிடுச்சு’, ‘ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்று நாற்பதுகளிலேயே சொல்லக் கேட்கிறேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் போன மாதம் கேட்டார்: “முட்டியில ஊசி போட்டா ஜவ்வு புதுசா வளந்துடுமாமே, நெசமாவா தம்பி? சீட்டுப் பணத்தை எடுத்துடலாமான்னு பாக்குறேன்.” அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மூட்டு ஊசி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே போகும் மருந்து ஒன்றல்ல. பரவலாகப் போடப்படுவது ஸ்டீராய்டு. வீங்கிய மூட்டுக்குச் சில வாரம் நல்ல நிவாரணம் தரும். ஆனால் 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 140 பேரில் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் இதைப் போட்டார்கள். மற்றவர்களுக்கு உப்புநீர். முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சர்க்கரை நோயாளிக்கு இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

‘வளர்க்கும் ஊசி’ என்ற பேச்சு வேறொன்றைப் பற்றியது. ஒஹாயோவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹேக்கெட் என்ற அறுவை மருத்துவர் 1950களில் பரப்பிய முறை அது. புரோலோதெரபி என்று பெயர். ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் காயம் ஆறத் தாமதமாகும். அடர்த்தியான குளுக்கோஸ் கரைசலை ஜவ்வு எலும்பில் ஒட்டும் இடத்தில் செலுத்தினால் அங்கே சிறு அழற்சி உண்டாகும், அதை ஆற்ற வரும் உடல் பழைய காயத்தையும் சேர்த்து ஆற்றும் என்பது இம்முறையின் கணக்கு. சில வாரம் இடைவெளி விட்டுப் பலமுறை போடுவார்கள். மருந்து விலை மிகக் குறைவு, கட்டணம்தான் அதிகம். 2013இல் 90 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், ஓராண்டு முடிவில் குளுக்கோஸ் குழுவுக்கு உப்புநீர்க் குழுவைவிடவும் வீட்டில் பயிற்சி செய்தவர்களைவிடவும் முட்டி வலி அதிகம் குறைந்தது. 2004இல் முதுகுவலிக்கு ஆஸ்திரேலியாவில் 110 பேரிடம் செய்தபோதோ, குளுக்கோஸுக்கும் உப்புநீருக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது.

நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த பகுதியை முட்டியில் போடும் பி.ஆர்.பி. ஊசிக்குத்தான் இப்போது விளம்பரம் அதிகம். 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் இதை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு இரு குழுவிலும் வலி குறைந்திருந்தது. உப்புநீரைவிட பி.ஆர்.பி. மேலானதாகத் தெரியவில்லை, குருத்தெலும்பு இழப்பும் மாறவில்லை. முட்டித் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2019இல் அழுத்தமாகவே சொன்னது. புரோலோதெரபியும் வேண்டாம் என்றது, சற்று மென்மையாக.

ஆகவே சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டாம் என்றேன். தேய்ந்த முட்டி ஊசியால் புதிதாக வளரும் என்று சொல்லிப் பணம் வாங்குவது நியாயமில்லை. வலி தாங்காத வேளையில், பழக்கமுள்ள எலும்பு டாக்டர் யோசித்துப் போடும் ஓர் ஊசியை நான் தடுக்கமாட்டேன். ஆனால் வலி மறைந்ததென்று மறுநாளே கூடை தூக்கக் கூடாது. எந்த ஊசி போட்டாலும், பிறகு முட்டி சூடாகி வீங்கிக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் கிருமி போனால் சில நாளில் மூட்டே போய்விடும்.

உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகள் முதலில் வைப்பது பயிற்சியை. தொடைத் தசை பலப்பட்டால் முட்டியின் வலி குறைகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, படுத்தபடி காலை நீட்டி உயர்த்துவது என்று செலவில்லாத அசைவுகள்தான் அவை. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அக்கா இதற்குக் கேட்ட கேள்வி நியாயமானது: “அதுக்கு ஏது தம்பி நேரம்? விடியக்காலை ஏலத்துக்கு நிக்கணும்.” ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆனால் அவர்கள் வரும் பகல் வேளையில் இந்த மக்கள் வீட்டில் இருப்பதில்லை.

நேரம் கிடைக்கும் ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஏறக்குறைய ஒன்பது வாரம். அந்த நாட்களில் காசிமேடு துறைமுகத்திலேயே பிசியோதெரபி முகாம் ஒன்றைச் சுகாதாரத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து நடத்த வேண்டும். ஒரு கொட்டகை, இரண்டு பிசியோதெரபிஸ்ட், கொஞ்சம் நாற்காலி போதும். அடுத்த தடைக்காலத்துக்குள் இதைச் செய்யுங்கள்.