எதிராளிக் கூண்டில் ஒரு கப்பல்

கப்பல் மீதே வழக்குத் தொடுக்கலாம் என்றால் நம் மாணவர் நகைப்பர். ஆயினும் ஆங்கிலக் கடற்சட்டத்தின் உயிர்நாடி அதுவே. உடையவன் கடலுக்கு அப்பால் இருப்பான். மாலுமியோ கூலியின்றித் துறைமுகத்தில் நிற்பான். ஆகவே சட்டம் கப்பலையே எதிராளியாக்கிற்று. பாய்மரத்தில் ஆணையை ஒட்டி அதனைச் சிறைப்பிடித்தனர். பிணை கொடுத்தால் விடுதலை, இன்றேல் ஏலம். அப்பணத்தில், கப்பலை ஈடுபிடித்த செல்வனுக்கு முன்னே மாலுமியின் கூலி நின்றது. அந்நியர் விட்டுச்சென்றவற்றுள் இதனை நான் வெறுக்கமாட்டேன்.

வெறுப்பது வேறொன்றை. 1890-ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தின் வழியே, 1891-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இவ்வதிகாரத்தை இலங்கைச் சுப்ரீம் கோர்ட்டுக்கு அளித்தது. அதுவும் 1890-இல் இங்கிலாந்தில் இருந்த அளவே! பின்னர் அங்கு விரிந்த அதிகாரம் குடியேற்ற நாடுகளுக்கு வாராது என்று, கனடா வழக்கொன்றில் 1927-இல் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. 1983-இல் இலங்கை தனக்கெனச் சட்டம் இயற்றிற்று. இந்தியா பழையதை நீக்கியது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான்.

எனினும் 1978-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம், இவ்வழக்குகளைச் சாதாரணமாகக் கொழும்பு வலயத்து மேல் நீதிமன்ற நீதிபதியே விசாரிக்க வைத்தது. அறுகம்பேக்கு அப்பால் தத்தளிக்கும் கப்பலைப் பொத்துவில் மீனவர் காத்தால், மீட்புக்கூலி கேட்க அவர்க்கு உரிமையுண்டு. அதற்காகத் தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குச் செல்லவேண்டுமா? திருகோணமலையில் ஓர் அமர்வு வைத்தால் என்ன? ‘கட்டுமரம்’ என்ற சொல்லை ஆங்கிலத்துக்கு ஈந்த மொழியில் இவ்வுரிமைகளை விளக்கும் சிறுநூலொன்றைக் கல்முனை ஆசிரியர்கள் ஆக்கித் தரட்டும்; பள்ளியில் மட்டுமன்று, வாடிகளிலும் அது வாசிக்கப்படட்டும்.