நிதி கேட்பது கையேந்துவதல்ல



கொள்ளுப்பிட்டியில் கிரெஸ்கட் கட்டிடத்துக்குள் நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. விளக்கக் குறிப்புகள் மூன்று மொழியிலும் உண்டு. பிரிட்டிஷ் கவுன்சில் அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில். பெயார்புட் கலைக்கூடம் காலி வீதியில். வெள்ளவத்தையிலிருந்து ஒரே பஸ். இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கு போயிருப்பார்கள்?

ஆசிரியர்களாகிய நாங்கள் வருடா வருடம் நன்றாக எழுதும், நன்றாக வரையும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஏ.எல். முடிந்ததும் பேனையும் தூரிகையும் மூலைக்குப் போய்விடுகின்றன. திறமை குறைந்ததால் அல்ல. முதல் நூலுக்கு, முதல் கண்காட்சிக்குக் காசு எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உம்மாவின் நகையை அடகு வைத்து அச்சடிப்பது, தமிழ்ச் சங்கத்தில் விழா வைப்பது, முதற்பிரதி வாங்க ஒரு புரவலரைத் தேடுவது. அந்த மரபை நாங்கள் குறை சொல்லவில்லை. ஹாசிம் உமர் அவர்களின் புரவலர் புத்தகப் பூங்கா, இதுவரை நூல் வெளியிடாதவர்களின் முதல் நூலை வெளியிட்டுக் கொடுத்தது பெரும் பணி. ஆனால் ஒரு சமூகத்தின் எழுத்து முழுவதும் ஓரிருவரின் தாராள மனதை நம்பி இருக்க முடியுமா?

வேறு கதவுகளும் உண்டு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, கையெழுத்துப் பிரதிகளுக்கு நூல் வெளியீட்டு உதவி வழங்குகிறது. பொதுநலவாயச் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே கதை அனுப்பலாம். பிரசுரமாகாத கதை, 2,000 முதல் 5,000 சொற்கள், கட்டணம் இல்லை. 2021இல் அதன் முதற்பரிசை வென்றவர் நம் நாட்டின் கன்யா டி அல்மேதா. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு கிரேஷியன் பரிசு. மைக்கல் ஒண்டாச்சி தன் புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு 1992இல் தொடக்கியது. அச்சில் வராத பிரதியும் அனுப்பலாம். ஷெஹான் கருணாதிலக்க 2008ஆம் ஆண்டுக்கான பரிசை அப்படித்தான் பெற்றார். 2022இல் புக்கர் பரிசே அவர் கைக்கு வந்தது.

உண்மையான சிக்கலையும் மறைக்கக் கூடாது. கிரேஷியன் ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழ்ப் படைப்பு அந்த அமைப்பை எட்டுவதென்றால் மொழிபெயர்ப்புப் பரிசின் வழியாகத்தான். வெளிநாட்டு நிதிகளின் படிவங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் எழுதும் பிள்ளை இரண்டு தடவை போராட வேண்டியிருக்கிறது. நிதி கொடுப்பவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பங்களை ஏற்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை சும்மா இருக்கவும் கூடாது.

இன்னொரு தடை நம் மனதில். "காசு கேட்டு எழுதுவதா? வெட்கம்" என்கிறார்கள். இது ஸதக்கா அல்ல. இன்ன வேலையை இத்தனை மாதத்தில் செய்து முடிப்பேன், இவ்வளவு செலவாகும், கணக்குக் காட்டுவேன் என்று சொல்லும் ஒப்பந்தம். கொந்தராத்துக்காரர் விலைமனு போடுவதை யாராவது பிச்சை என்கிறோமா?

விண்ணப்பம் எழுதுவது பழகினால் வரும் வேலை. என்ன செய்யப் போகிறேன் என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். "சமூகத்தை மாற்றுவேன்" என்பதை விட "கொட்டாஞ்சேனைத் தையல்காரர்கள் பத்துப் பேரை வரைவேன்" என்பது பலமானது. மாதிரிக்கு உங்கள் மிகச் சிறந்த பக்கங்களை மட்டும் வையுங்கள். செலவுத் திட்டத்தில் கடதாசி, வர்ணம், பஸ் காசு, உங்கள் உழைப்புக்கான கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். கூலியை விட்டுவிடுவது அடக்கம் அல்ல, கணக்குத் தெரியாமை. விதிகளை இரண்டு தடவை வாசியுங்கள். "தெரிவாகிவிட்டீர்கள், முதலில் பணம் அனுப்புங்கள்" என்றால் விலகிவிடுங்கள். மறுப்பு வந்தால் திருத்தி அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

பெற்றோரிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மேசை, ஒரு கணினி, ஆங்கிலம் தெரிந்த இருவர் போதும். படிவம் நிரப்ப ஆசிரியர்கள் நாங்கள் வந்து உட்காரத் தயார். இடம் தரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். எழுதும், வரையும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள்.