ஆலைக்குப் போகுமுன் சீவுளி

சுவர் எழும்பிக் கூரையும் போட்ட பின்னர்தான் நாம் கதவைப் பற்றி நினைக்கிறோம். அதற்குள் கையிலிருந்த பணம் முடிந்துவிடுகிறது. ஆகவே கண்டியைச் சூழவுள்ள குடியேற்றங்களில் பல குடும்பங்கள், ஆலையில் அரிந்தபடியே கிடக்கும் பலகையை வாங்கி, மரம் சீவும் இயந்திரத்தில் ஒருதடவை போட்டெடுத்து, உடனே கதவு செய்துவிடுகின்றன. அடுத்த மழைக்குள் அந்தக் கதவு நிலையில் பொருந்துவதில்லை. பழி தச்சர்மீது விழுகிறது.

எமது பணியகமும் இத்தவறைச் செய்தது. மண்சரிவினால் இடம்பெயர்ந்த சில குடும்பங்களுக்குப் பலகைகளை மொத்தமாகச் சீவி வழங்கினோம். கண்ணாடிபோல் இருந்தன, நானும் மகிழ்ந்தேன். சில மாதங்களின் பின் போனபோது ஒரு தாய் தம் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். "பாதர், பூட்டு இருக்கு. கதவுதான் மூட மாட்டேங்குது" என்றார்.

சீவும் இயந்திரம் பலகையின் தடிப்பைச் சமன்செய்யும், முறுக்கை எடுக்காது. உள்ளே போகும்போது உருளைகள் பலகையை அழுத்திப் பிடிக்கின்றன. வெளியே வந்ததும் அது பழைய வடிவத்துக்கே திரும்புகிறது. முதலில் ஒரு பக்கம் தட்டையாக வேண்டும். அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துத்தான் மறுபக்கத்தை இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். பெரிய பட்டறைகளில் இதற்கெனத் தனி இயந்திரம் உண்டு. வீட்டில் ஒரு சீவுளி போதும். எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். 14ஆம் நூற்றாண்டின் கம்பளைக் காலத்தவை; எந்த இயந்திரத்தையும் காணாதவை.

ஒரே அகலமுள்ள இரண்டு நேரான சட்டங்களைப் பலகையின் இரு நுனிகளிலும் குறுக்காக வையுங்கள். குனிந்து, ஒரு கண்ணை மூடி, முன்சட்டத்தின் மேல்விளிம்போடு பின்சட்டத்தை ஒத்துப் பாருங்கள். விளிம்புகள் ஒத்துவராவிட்டால் பலகை முறுகியிருக்கிறது. உயர்ந்து நிற்கும் இரு எதிர்மூலைகளையும் பென்சிலால் குறித்து, அவற்றை மட்டும் நாருக்குக் குறுக்கே சீவுங்கள். அடிக்கடி சட்டங்களை வைத்துப் பாருங்கள். சமமான பின்பே நார் ஓடும் வழியே சீவலாம். எதற்கும் முன்பு பலகையைத் தேவையான நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். ஆறடிப் பலகையில் சீராக ஓடும் அரை அங்குல முறுக்கு, மூன்றடித் துண்டில் கால் அங்குலம்தான். மரமும் மிச்சம், கைவலியும் மிச்சம்.

ஆனால் ஈரப் பலகையில் இந்தச் சீர் நிலைக்காது. காயக் காய அது மறுபடியும் முறுகும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் காயவிட வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. நிலத்திலிருந்து உயர்த்தி, நிழலில், அடுக்குக்கு அடுக்கு சிறு சட்டம் கொடுத்துக் காற்றோட விடவேண்டும். வீடில்லாதவர் ஒரு வருடம் காத்திருப்பாரா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. தவறு பணம் கொடுக்கும் எம்மிடம்தான். உதவித்தொகையைக் கட்டங்கட்டமாக வழங்கும்போது கதவுக்குரிய பணத்தை இறுதியில் விடுகிறோம். அதை அத்திவாரத்துடனேயே கொடுத்தால், சுவர் எழும்பும் மாதங்களிலாவது பலகை காயும். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் பல வீடுகளை அழித்தது. அக்குடும்பங்களுக்காகத் திட்டம் எழுதுவோர் இந்த ஒழுங்கை மாற்றவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

விழுந்த பலா மரம் கிடைத்தால் நல்லது. நிற்கும் பலாவைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றித் தறிக்க 1951ஆம் ஆண்டின் சட்டம் இடம்கொடாது.

அந்தத் தாயின் கதவைக் கழற்றிப் பலகைகளை மறுபடி சீவினோம். ஓர் அங்குலம் முக்கால் அங்குலமாயிற்று. மெலிந்த கதவுதான், ஆனாலும் பூட்டுகிறது. உங்கள் சங்கத்துக்கு யாரேனும் கருவிகள் தர முன்வந்தால் சீவுளியுடன் தீட்டுகல்லையும் கேளுங்கள். மழுங்கிய அலகு நாரைப் பிய்த்துவிடும்.